பாதயாத்திரையும் முதுகுச் சுமையும்

தெமோதரைப் புகையிரத நிலையத்தின் அடியிலே ஒரு சுரங்கம் செல்கின்றது. எல்லவிலிருந்து இறங்கி வரும் இருப்புப்பாதை நிலையத்தைக் கடந்து, மலையை ஒருமுறை சுற்றி வந்து, அந்நிலையத்தின் கீழேயே புகுந்து பதுளை நோக்கிப் போகின்றது. பதுளைவரை புகையிரதம் ஓடத் தொடங்கியது 1924ஆம் ஆண்டில். இவ்வளையம் பிறந்த வகையைப் பற்றி மலைநாட்டில் ஒரு கதை வழங்குகின்றது. செங்குத்தான சரிவிலே பாதையை இறக்கும் வழி காணாது பொறியியலாளர் மயங்கி நின்றபோது, தோட்டக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டினாராம். துணி சுற்றிய அவ்வகையே பாதை சுற்றும் வகையையும் காட்டிற்றாம். கதை மெய்யோ புனைவோ, மக்கள் அதனை விருப்புடன் சொல்லி வருகின்றனர்.

அந்தத் தலைப்பாகைத் துணிக்கு வேறொரு பயனும் உண்டு. அதனைச் சுருட்டித் தலையில் வைத்தால் அது சும்மாடு ஆகின்றது. விறகுக் கட்டும், அரிசி மூட்டையும், தண்ணீர்க் குடமும் அதன்மேல் அமர்கின்றன. கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, கயிறு உறுத்தாதபடி கீழே துணியை மடித்து வைத்து, கூடையை முதுகிலே தொங்கவிட்டு மலையேறி வந்திருக்கின்றனர். பல தோட்டங்களிலே கூடையின் இடத்தை இன்று பை பிடித்துக்கொண்டது. எனினும் சுமை மாறவில்லை. ஆதலால் சுமப்பது எப்படி என்று ஊவா மலைத்தோட்டத்து மக்களுக்குக் கற்பிக்க வேண்டுவதில்லை என்றே எவரும் எண்ணுவர். ஆயினும் ஆடிவேல் விழாவை ஒட்டிக் கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் யாத்திரிகர் பலர், சுமை காரணமாகவே பாதி வழியிற் சோர்ந்து விடுகின்றனர். பழகிய தோள்கள் தளர்வதற்குக் காரணம் யாது? எத்தகைய பையை, எவ்வாறு தேர்ந்துகொண்டால் அத்தளர்ச்சியைத் தவிர்க்கலாம்? இவ்விரு வினாக்களும் ஆராயத் தக்கவை.

முதலில் வழியின் இயல்பை அறிதல் வேண்டும். தெமோதரையிலிருந்து கதிர்காமம் செல்வோர் கும்பல்வெல சந்தி வழியாக எல்லவை அடைந்து, இராவணா எல்ல நீர்வீழ்ச்சியைக் கடந்து, வெல்லவாயவுக்கு இறங்குகின்றனர். எல்ல கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் மேலே உள்ளது. வெல்லவாயவோ இருநூறு மீற்றர் அளவில் உள்ள வெப்பமான ஊர். இருபத்தைந்து கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரத்திலே எண்ணூறு மீற்றர் இறக்கம் அமைந்திருக்கின்றது. அங்கிருந்து புத்தல, புத்தலவிலிருந்து தெற்கே காட்டை ஊடறுத்துச் செல்லும் வீதி செல்லக்கதிர்காமத்தையும் கதிர்காமத்தையும் அடைகின்றது. மொத்தம் நூறு கிலோமீற்றரை அண்மிய நடை. குளிர்ந்த மலையிலே தொடங்கும் யாத்திரை யானைகள் நடமாடும் வறண்ட காட்டிலே முடிவடைகின்றது.

இன்னொரு சாரார் புத்தலவிலிருந்து கிழக்கே திரும்பி, மொனராகலை, சியம்பலாண்டுவை வழியாகப் பொத்துவிலை அடைந்து, உகந்தை முருகன் ஆலயத்திலே பெருங்கூட்டத்துடன் சேர்ந்துகொள்கின்றனர். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாக வாரக்கணக்கில் நடந்து வரும் அடியார்களும் அங்கே வந்து கூடுகின்றனர். 1983ஆம் ஆண்டின் பின் போரினால் தடைப்பட்ட அந்நெடும் யாத்திரை 1988இல் மீண்டும் தொடங்கியது. ஆண்டுதோறும் குறித்த சில நாட்களுக்கு மட்டுமே காட்டுப்பாதை திறக்கப்படும். வாகூரவெட்டை, கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் எனத் தங்குமிடங்கள் பல. குமண, யால காடுகளின் ஊடாகச் செல்லும் இந்நடைக்கு ஐந்தாறு நாட்கள் வேண்டும். இடையிலே ஊரில்லை, கடையில்லை. கரையோர ஊர்களிலே அன்னதானம் பெற்று வந்தவரும் உகந்தைக்கு அப்பால் உண்ணும் அரிசியைத் தாமே சுமத்தல் வேண்டும்.

வழி இவ்வாறு இரண்டாகப் பிரிவதாற் பையும் ஒன்றாக இருத்தல் இயலாது. வீதி வழியே செல்வோருக்குப் போதுமான பை காட்டுவழிக்குப் போதாது; காட்டுவழிக்கென வாங்கிய பெரிய பை வீதி வழிக்கு வீண் பாரம். ஆகவே எந்த வழி என்பதை முதலிலும், எவ்வளவு சுமை என்பதை அடுத்தும், எந்தப் பை என்பதை இறுதியிலுமே முடிவு செய்தல் முறையாகும். நடைமுறையிலோ இது தலைகீழாக நிகழ்கின்றது. பதுளைக் கடைவீதியிலே கண்ணுக்கு அழகான பை ஒன்று முதலில் வாங்கப்படுகின்றது. வெற்றிடம் இருக்கும்வரை பொருள்கள் அதனுள் புகுந்துகொண்டே இருக்கின்றன. மூன்றாவது சேலை, இரண்டாவது போர்வை, யாருக்கோ உதவும் என்ற எண்ணத்தில் மற்றொரு சட்டி என அவை பெருகும். பை பெரிதாயின் அச்சமும் பெரிதாகிப் பையை நிரப்பிவிடும்.

சுமை எவ்வளவு இருக்கலாம்? ஸ்பெயின் நாட்டின் சந்தியாகோ நகரத்துக்கு நெடுந்தூரம் நடக்கும் கத்தோலிக்க யாத்திரிகர்களிடையே ஒரு கணக்கு வழங்குகின்றது. பையின் மொத்த எடை உடல் எடையிற் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பதே அது. வழியெங்கும் உணவும் உறையுளும் கிடைக்கும் பாதைக்கு இக்கணக்குப் பொருந்தும். உணவையும் சுமக்க வேண்டிய காட்டுவழிக்கு ஐந்தில் ஒரு பங்கு என்பதை மேல் எல்லையாகக் கொள்ளலாம்.

ஐம்பது கிலோகிராம் எடையுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். வீதி வழியே செல்லும்போது அவருக்குரிய சுமை ஐந்து கிலோகிராம். வெறும் பை ஒரு கிலோ; மாற்றுடை, போர்வை, துவாய் ஆகியன ஒன்றரைக் கிலோ; ஒன்றரை லீற்றர் தண்ணீர் ஒன்றரைக் கிலோ; மருந்து, கைவிளக்கு, பூசைப் பொருள் அரைக் கிலோ; வழியுணவு அரைக் கிலோ. ஐந்து கிலோ நிறைவாகிவிட்டது. காட்டுவழியிலோ அரிசி, பருப்பு, அவல் முதலியன மூன்று கிலோவும், தண்ணீர் மூன்று கிலோவும், பொதுச் சமையற் பாத்திரத்தில் அவருடைய பங்கும் பூசைப் பொருளும் ஒரு கிலோவும் ஆகும். பை, உடை, போர்வை ஆகியவற்றையும் சேர்த்தால் ஒன்பதரைக் கிலோ. எல்லை பத்துக் கிலோ. இக்கணக்கிலே மூன்றாவது சேலைக்கு இடமில்லை என்பது தெளிவு.

ஆனால் இங்கே ஒரு தடை எழும். பல தோட்டங்களிலே நாளொன்றுக்குப் பதினெட்டுக் கிலோகிராம் கொழுந்து கேட்கப்படுகின்றது. அதனைப் பறித்துச் சுமக்கும் பெண்ணுக்குப் பத்துக் கிலோ ஒரு பாரமா என்று கேட்பர். கேள்வி நியாயமானதே. விடை கொழுந்து மடுவத்தில் இருக்கின்றது. பதினெட்டுக் கிலோவும் ஒரே வேளையில் முதுகில் ஏறுவதில்லை. காலையில் வெறுங்கூடையுடன் மலையேறும் பெண்ணின் சுமை சிறுகச் சிறுகவே வளர்கின்றது. நாளில் இரண்டு மூன்று முறை கொழுந்து நிறுக்கப்படும்; அப்போதெல்லாம் கூடை வெறுமையாகும்; தோளும் கழுத்தும் ஆறும். யாத்திரிகரின் பைக்கோ மடுவம் இல்லை. விடியுமுன் ஏறிய சுமை, தங்குமிடம் சேரும்வரை இறங்குவதில்லை. மறுநாள் விடியலில் மீண்டும் ஏறுகின்றது. பழகிய தோள்கள் தளர்வதற்கு இதுவே முதற் காரணம்.

இரண்டாவது காரணம், சுமை உடலில் அமரும் இடம். தலையிலே கயிறு மாட்டிச் சுமக்கும் முறை உலகில் பல நாடுகளில் உண்டு. கென்யா நாட்டிலே லுவோ இனப் பெண்கள் தலைமேல் வைத்தும், கிக்குயு இனப் பெண்கள் நெற்றிப் பட்டியில் மாட்டி முதுகிலும் சுமக்கின்றனர். 1986ஆம் ஆண்டிலே வெளியான ஓர் ஆராய்ச்சி, இப்பெண்கள் தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை, மேலதிகச் சக்தி செலவின்றியே சுமப்பதாகக் கண்டது. நேபாள நாட்டுச் சுமைகாரரும் நெற்றிப் பட்டியையே பயன்படுத்துகின்றனர். அவருள் ஆடவர் தம் உடல் எடைக்கு ஏறத்தாழச் சமமான பாரத்தை மலைமேல் ஏற்றுவதை 2005ஆம் ஆண்டு ஆராய்ச்சியொன்று பதிவு செய்தது. ஆயினும் 2010இல் தென்னாபிரிக்காவின் கோசா இனப் பெண்களிடையே நடந்த ஆராய்ச்சி வேறு விதமாகக் கூறிற்று. தலைச்சுமையால் எல்லோரும் சக்தியை மீதப்படுத்துவதில்லை. கழுத்து நோவு அதற்கு விலையாகின்றது என்பது அதன் முடிவு. ஆகவே தலைக்கயிறு இழிவான முறை அன்று. எல்லோருக்கும் ஏற்ற முறையும் அன்று. அதற்கு இளமை முதற்கொண்ட பழக்கம் வேண்டும். மேலும், யானை நிற்கும் காட்டுப்பாதையிலே தலையை எப்பக்கமும் திருப்பிப் பார்க்க இயலுதல் இன்றியமையாதது. கயிறு பூட்டிய தலைக்கு அந்த உரிமை இல்லை.

தலையை விடுத்துத் தோளில் மாட்டும் சாதாரணப் பைக்கு வருவோம். பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப்பை இவ்வகையைச் சேர்ந்தது. பாரம் முழுவதும் இரண்டு பட்டிகளின் வழியே தோளில் இறங்குகின்றது. பை பின்னே இழுப்பதால் உடல் முன்னே சாய்கின்றது, கழுத்து நிமிர முயல்கின்றது, நோவு பிறக்கின்றது. இதனினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. கைக்குச் செல்லும் நரம்புகள் கழுத்திலிருந்து புறப்பட்டுக் காறை எலும்பின் கீழாகவே இறங்குகின்றன. ஒடுங்கிய பட்டி அவ்விடத்தை நாள்முழுதும் அழுத்துமாயின் கை மரத்துப்போகும், விரல்கள் வலுக்குன்றும். சிலருக்கு இது நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் நீடிப்பதுண்டு. அலுவலகத்திலே எழுதுபவருக்கு இது ஒரு தொல்லை. கொழுந்து பறிப்பவருக்கு இது பிழைப்பின் கேடு. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் விரல்கள் மரத்திருக்குமாயின் பறித்த கொழுந்தின் எடை குறையும். எடை குறைந்தாற் கூலியும் குறையும். தீர்த்தமாடித் திரும்பிய மறுவாரமே மலையேற வேண்டிய பெண்ணுக்குப் பை என்பது வெறும் வசதிப் பொருள் அன்று.

அப்படியாயின் பாரத்தை எங்கே அமர்த்துவது? இடுப்பிலே அமர்த்தல் வேண்டும். இடுப்பெலும்பு உடலின் வலிமை மிக்க எலும்புகளுள் ஒன்று. அதன் கீழே தொடைகள் இருக்கின்றன. குழந்தையை இடுப்பிலே வைத்துச் சுமக்கும் தாய்மார் இவ்வுண்மையை எந்த ஆராய்ச்சியாளரும் சொல்லுமுன்பே அறிந்திருந்தனர். முதுகுப்பையிலே இதனைப் பரவலாக்கிய பெருமை அமெரிக்காவைச் சேர்ந்த கெல்ட்டி தம்பதியருக்கு உரியது. 1952ஆம் ஆண்டில், கலிபோர்ணியாவிலே, கணவர் அலுமினியக் குழாய்ச் சட்டங்களை ஒட்ட, மனைவி வீட்டிலிருந்து பைகளைத் தைக்க, அவர்களது தொழில் தொடங்கியது. விறைப்பான சட்டமும் இடுப்புப் பட்டியும் சேர்ந்த அப்பை, தோளின் பாரத்தை இடுப்புக்கு மாற்றியது. இன்று சட்டம் பையின் உள்ளே மறைந்துவிட்டது, தத்துவம் மாறவில்லை.

இத்தத்துவத்தை அறிந்தவர் கடையிலே மூன்று உறுப்புகளைச் சோதித்துப் பார்ப்பார். முதலாவது, இடுப்புப் பட்டி. அஃது அகலமாகவும் மெத்தென்றும் இருத்தல் வேண்டும். பை அசையாதிருப்பதற்காக மட்டும் தைக்கப்பட்ட மெல்லிய நாடா இடுப்புப் பட்டி ஆகாது. இரண்டாவது, முதுகுப் பக்கத்தின் விறைப்பு. முதுகுப் பக்கம் துவளுமாயின் பட்டி எவ்வளவு நல்லதாயினும் பாரம் இடுப்பை அடையாது. பை சரிந்து மீண்டும் தோளிலேயே தொங்கும். மூன்றாவது, தோட்பட்டி பையுடன் சேரும் தையல். அங்கே நூல் பலமுறை குறுக்கும் நெடுக்குமாக ஓடியிருத்தல் வேண்டும். காட்டின் நடுவே பட்டி அறுந்தால் தைத்துத் தர ஆளில்லை.

இவற்றின் பின் அளவைக் கவனித்தல் வேண்டும். பைகள் லீற்றர்க் கணக்கில் அளந்து விற்கப்படுகின்றன. பள்ளிப்பை இருபது லீற்றர் அளவிலானது. வீதி வழிக்கு முப்பது லீற்றருக்குள் அடங்கும் பையும், காட்டுவழிக்கு நாற்பது லீற்றர்ப் பையும் போதுமானவை. இவற்றினும் முக்கியமானது முதுகின் நீளம். தலையைக் குனிந்தாற் கழுத்தின் அடியிலே ஓர் எலும்பு புடைத்து நிற்கும். கைகளை இடுப்பெலும்பின் மேல் ஊன்றினால் இரு பெருவிரல்களும் பின்புறம் சுட்டும் மட்டம் ஒன்று உண்டு. அப்புடைப்பிலிருந்து அம்மட்டம் வரையுள்ள நீளமே முதுகின் நீளம். தையற்காரரின் அளவுநாடாவால் இதனை எளிதில் அளக்கலாம். உயரமானவருக்கு முதுகும் நீளமாயிருக்கும் என்பதில்லை. ஆகவே ஆளின் உயரம் பார்த்துப் பை வாங்குதல் பிழை. பிற நாட்டு ஆடவரின் அளவுக்குத் தைத்த பைகள் மலைநாட்டுப் பெண்கள் பலருக்கு நீளமானவை. அத்தகைய பையில் இடுப்புப் பட்டி இடுப்பெலும்பைத் தாண்டி இறங்கிவிடும். நடக்கும்தோறும் தொடையைத் தடுக்கும்.

வெறும் பையை மாட்டிப் பார்த்து வாங்குவது கூடாது. ஐந்து கிலோ அரிசிப் பொதியொன்றை அதனுள் வைத்து மாட்டிப் பார்த்தல் வேண்டும். முதலில் இடுப்புப் பட்டியை இறுக்கி, அதன் பின்பே தோட்பட்டியை அளவாக இழுத்துக்கொள்ள வேண்டும். தோட்பட்டியின் கீழே ஒரு விரல் எளிதாய் நுழையுமாயின் பாரம் இடுப்பிலே அமர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். அந்நிலையிலே கடைக்காரரின் பொறுமைக்கேற்பக் கால் மணி நேரமாவது நடந்து பார்த்தல் நன்று.

உடையைப் பற்றியும் ஒன்று சொல்லுதல் தகும். பைகளைப் பற்றி எழுதும் பிறநாட்டார் இதனை அறியார். சேலை உடுப்பவரின் உட்பாவாடை நாடா முடிச்சும், சேலைக் கொசுவமும், வேட்டி உடுப்பவரின் மடியும் இடுப்புப் பட்டி அமரும் அதே இடத்தில் வருகின்றன. முடிச்சின் மேல் பட்டி இறுகினால் முதல் நாள் மாலைக்குள் தோல் உரிந்துவிடும். வெப்ப நாட்டிலே வியர்வை பட்டு அப்புண் ஆறாது. முடிச்சைப் பட்டியின் கொக்கிக்கும் இடுப்பெலும்புக்கும் இடையே உள்ள மென்மையான இடத்துக்கு நகர்த்துதல் ஒரு வழி. நடைவேளையிற் சுரிதார் போன்ற உடையணிந்து, கோயிலை அடைந்தபின் சேலை உடுத்துதல் மற்றொரு வழி. எவ்வாறாயினும் யாத்திரையில் உடுக்கப்போகும் உடையுடனேயே பையை மாட்டிப் பார்க்க வேண்டும்.

நல்ல பைக்கு விலை அதிகம். தோட்டத்து வருமானத்தில் அது எளிதன்று. ஆனால் விலையைவிடத் தத்துவமே பெரிது. உறுதியான பழைய பை ஒன்று கிடைத்தால், ஊர்த் தையற்காரரே அகலமான இடுப்புப் பட்டியொன்றைத் தைத்து இணைக்கலாம். உறங்குவதற்குரிய மெல்லிய நுரை விரிப்பை மடித்துப் பையின் உள்ளே முதுகுப் பக்கத்தில் செருகினால், அதுவே சட்டத்தின் வேலையைச் செய்யும். இரவில் விரிப்பு, பகலில் சட்டம். ஒரே பொருள் இரண்டு வேலை செய்வதால் எடையும் குறைகின்றது. புதிய விலையுயர்ந்த பையை வாங்கி நிறைய அடைப்பவரைவிட, இவ்வாறு திருத்திய பையை அளவோடு நிரப்புபவரே நன்றாக நடப்பார்.

நிரப்பும் முறையிலும் கவனம் வேண்டும். பாரமான அரிசியும் தண்ணீரும் முதுகெலும்பை ஒட்டி, பையின் நடுவே இருத்தல் வேண்டும். உடையும் போர்வையும் அடியிலும் வெளிப்புறத்திலும் இருக்கலாம். எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் நீண்ட சரிவிலே பாரம் மேலே இருந்தால், அஃது ஒவ்வோர் அடிக்கும் உடலை முன்னே தள்ளும். முழங்கால் அதன் தண்டனையைப் பெறும். ஆதலின் இறக்கத்துக்கு முன் பாரத்தைச் சற்றுத் தாழ்த்திப் பட்டிகளை இறுக்கிக்கொள்ளுதல் நன்று. சட்டி, போத்தல், செருப்பு ஆகியவற்றைப் பைக்கு வெளியே தொங்கவிடும் வழக்கத்தை அடியோடு விடுதல் வேண்டும். வீதியிலே அவை ஆடும். காட்டிலே முட்புதரில் மாட்டும். ஆற்றைக் கடக்கும்போது இடுப்புப் பட்டியையும் மார்புப் பட்டியையும் கழற்றிவிட்டே இறங்குதல் வேண்டும். கால் வழுக்கினால் பையை உடனே உதறிவிட இயலும்; பூட்டிய பை ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். உணவு சுற்றி வந்த பொலித்தீனைக் காட்டிலே எறியாது திரும்பக் கொண்டுவருவதற்கும் பையிலே ஒரு சிறு அறை ஒதுக்குதல் கடமை. உணவு மணக்கும் அவ்வுறையை மானும் யானையும் விழுங்கி மாளுகின்றன.

எல்லாம் ஆயத்தமான பின்பு, கொடியேற்றத்துக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னரே ஒரு நாள், முழுச் சுமையுடன் தெமோதரையிலிருந்து எல்ல வரை வீதி வழியே ஏறி இறங்கிப் பார்த்தல் வேண்டும். ஒன்பது வளைவுப் பாலத்து இருப்புப்பாதை வழியே நடப்பது குறுக்கு வழியாகத் தோன்றினும் அது ஆபத்தானது. அன்று மாலை தோளிலும் இடுப்பிலும் எங்கே சிவந்திருக்கின்றது என்று பார்த்தால், பட்டியில் எதைத் திருத்த வேண்டும் என்பது விளங்கும். வெளியே எடுக்கப்படாமல் பையின் அடியிலே கிடந்த பொருள்கள் எவையென்று பார்த்தால், எதை வீட்டிலே விட வேண்டும் என்பதும் விளங்கும்.

இவ்வளவு கணக்கும் சோதனையும் பக்திக்கு மாறானவை என்று சிலர் கருதக்கூடும். வருந்திச் செல்வதே யாத்திரை. நோவும் நேர்த்தியின் ஒரு பகுதி என்பது அவர் எண்ணம். அவ்வெண்ணத்தை எள்ளுதல் தகாது. ஆனால் நேர்த்திச் சுமை வேறு. பயணச் சுமை வேறு. காவுதல் என்றால் சுமத்தல். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இச்சொல் இன்றும் பேச்சுவழக்கில் உள்ளது. காவும் தடியே காவடி என்பர். இரு முனையிலும் பாரம் தொங்கும் உழைப்பாளியின் தடி, இடும்பன் கதையின் வழியே முருகனுக்கு உகந்த நேர்த்தியாயிற்று. காவடி எடுப்பவர் எதைச் சுமக்கின்றோம், யாருக்காகச் சுமக்கின்றோம் என்பதை அறிந்து சுமக்கின்றார். மூன்றாவது சேலையைச் சுமப்பவர் அதனை யாருக்கும் நேர்ந்துகொள்ளவில்லை. சபரிமலை இருமுடியிலும் இந்தத் தெளிவு உண்டு: ஒரு முடி இறைவனுக்கு உரிய பொருளுக்கு, மற்றொன்று வழியுணவுக்கு. மிகுதிக்கு மூன்றாம் முடி கட்டப்படுவதில்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சந்தியாகோ யாத்திரை நூலொன்றிலே யாத்திரிகரின் பையைப் பற்றி ஒரு விளக்கம் காணப்படுகின்றது. அப்பை சிறிதாயிருக்க வேண்டும். அதன் வாய் கட்டப்படாது எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இறைவனை நம்பிச் செல்பவர் சிறிதளவே கொண்டு செல்வார் என்பதும், தம்மிடம் உள்ளதை இல்லாதவருடன் முன்னரே பகிர்ந்துகொள்வார் என்பதும் அதன் கருத்து. வேறு நாட்டிலே, வேறு சமயத்திலே எழுந்த எண்ணமாயினும் கதிர்காமப் பாதைக்கும் அது பொருந்துகின்றது. காட்டுவழியிலே பத்துப் பேர் சேர்ந்து நடக்கும்போது பத்துச் சட்டிகள் வேண்டுவதில்லை, இரண்டு போதும். மருந்துப் பொதி ஒன்று போதும். ஒருவர் சட்டியையும் ஒருவர் பருப்பையும் ஒருவர் விளக்கையும் பகிர்ந்து சுமந்தால் ஒவ்வொருவர் பையும் சிறுக்கும். முதியவர் ஒருவர் தளரும்போது அவருடைய தண்ணீரை வாங்கிக்கொள்ள மற்றவர் பையிலே இடமும் இருக்கும். முழுதும் நிரம்பிய பையுடையவருக்கு அவ்வுதவியைச் செய்ய மனம் இருப்பினும் தோள் இராது.

ஆகவே கதிர்காமப் பாதைக்குப் பை தேர்ந்துகொள்பவர் கடைக்குப் போகுமுன் வீட்டுத் திண்ணையிலே பொருள்களைப் பரப்பி நிறுத்துப் பார்ப்பாராக. நிறுக்கும் கலையை மலைத்தோட்டத்தாருக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நாள்தோறும் தம் உழைப்பு தராசிலே ஏறுவதைக் கண்டவர்கள் அவர்கள். அந்தத் தராசை ஒருமுறை தம் சுமைக்கும் பயன்படுத்துவார்களாயின், மாணிக்க கங்கையின் கரையிலே பையை இறக்கி வைக்கும்போது கைகள் மரத்திரா. கூப்புவதற்கும், திரும்பி வந்து கொழுந்து கிள்ளுவதற்கும் அக்கைகளே வேண்டும்.